குடிக்காத நாளில் தள்ளாடியவர்

"குடிச்சுட்டு வண்டி ஓட்டுனேன், புடிச்சுட்டாக. இனி என்ன நடக்கும் அண்ணாச்சி?"

கோர்ட்டுக்கு எதிரே, வக்கீல் ஆபீசில் குமாஸ்தாவாக நான் உட்கார்ந்திருந்த இருபத்தெட்டு வருடத்தில் இந்தக் கேள்வியை எத்தனை பேர் கேட்டிருப்பார்கள் என்று எனக்கே தெரியாது. லாரிக்காரர், டிராக்டர்காரர், பஞ்சு மூட்டை ஏற்றிவந்த வேன்காரர், ஒரு முறை ஒரு தலைமையாசிரியர். எல்லோருக்கும் ஒரே பதில்தான். ஏட்டு முதலில் சாவியைப் பிடுங்குவார், அடுத்து லைசென்ஸை. ஜீப்பில் ஏற்றி அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார்கள். டாக்டர் வாயை ஊதச் சொல்வார், கையை நீட்டச் சொல்வார், வராந்தாத் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு கிழித்து அதன்மேல் நடக்கச் சொல்வார். நடந்த அழகைப் பார்த்து ஒரு தாள் எழுதிக் கொடுப்பார். ஸ்டேஷனில் ஒரு பெஞ்சு இருக்கும், அதில் உட்கார வேண்டும். தெரிந்தவர் யாராவது வந்து ஜாமீன் கையெழுத்துப் போட்டால் வீட்டுக்குப் போகலாம். வாய்தா அன்று கூண்டில் ஏறி நின்றால் நீதிபதி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "குடிச்சியா?" என்பார். கையைக் கட்டிக்கொண்டு "ஆமாங்கய்யா" என்று சொல்ல வேண்டும். அபராதத்தைக் கட்டிவிட்டு எதிர்க் கடையில் வடை சாப்பிடலாம். சில மாதத்தில் லைசென்ஸும் கைக்கு வந்துவிடும். பயந்து சாகிற அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை.

வந்தவர்களிடம் நான் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. "குடித்திருந்தாயா?" என்று யாரிடமும் கேட்டதில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்த தாள் கேஸ் கட்டில் இருக்கும்போது எனக்கு என்ன வந்தது? என் வேலை தேதியைக் குறித்துக்கொள்வதும், வேட்டியை மடித்துக் கட்டாமல் கூண்டில் ஏறச் சொல்வதும்தான்.

அப்படி வந்தவர்களில் ஒருவர்தான் சௌடப்பன். எந்த ஸ்டேஷன், எந்த ஆஸ்பத்திரி, எந்தக் கோர்ட் என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. சம்பந்தப்பட்டவர்கள் பலர் பென்ஷன் வாங்கிக்கொண்டு காலையில் எனக்கு எதிரே வாக்கிங் வருகிறார்கள்.

சௌடப்பன் அருப்புக்கோட்டையில் ஒரு நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். வீட்டுக்குள் கன்னடம், வாசலைத் தாண்டினால் தமிழ். அவர் தெருவில் சௌடம்மன் பெயரை வைக்காத வீடு கிடையாது. அவர் பெயர் சௌடப்பன், அவர் மனைவி பெயர் சௌடம்மாள். தெருமுனையில் நின்று ஒரு தடவை கூப்பிட்டால் நாலு வாசலில் தலை தெரியும்.

ஏழு வயதில் அவரைப் பாவு வேலையில் இறக்கினார்கள். தறியில் ஏற்றும் நெடுக்கு நூல்தான் பாவு. விடிந்தும் விடியாததுமாகத் தெரு நெடுக நூலை நீட்டிக் கட்டி, கஞ்சி போட்டு, காய்வதற்குள் இழை இழையாகப் பிரித்து ஒழுங்கு பண்ணுவார்கள். தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரைக்கும் பாவை ஒட்டி நடக்க வேண்டும். அறுந்த இழை கண்ணில் பட்டால் நின்று, இரண்டு விரலால் முறுக்கிப் பிணைத்துவிட்டு மேலே போக வேண்டும். கால் ஒரு விரல்கடை விலகி நூலில் பட்டாலும் பின்னால் வருகிற அப்பாவின் கைக்குச்சி முதுகில் பேசும். இருபது வயதுவரை தினமும் அப்படி நடந்தார். மீதி நேரமெல்லாம் தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து நெய்தார்.

தறியை அவர் வெறுத்தார். லேசான வெறுப்பு இல்லை. "உசுரோட குழிக்குள்ள எறங்குற சாதி எங்க சாதிதான் அண்ணாச்சி" என்று என்னிடமே பல தடவை சொல்லியிருக்கிறார். இருபதாவது வயதில் பருத்தி லாரி ஒன்றில் கிளீனராகத் தொற்றிக்கொண்டு போனவர், மூன்று வருடம் கழித்து லைசென்ஸோடு திரும்பி வந்தார். அப்போதெல்லாம் லைசென்ஸ் ஒரு சின்னப் புத்தகம். அட்டை தேய்ந்துபோகுமென்று பிளாஸ்டிக் உறை போட்டுச் சட்டையின் உள்பையில் வைத்திருப்பார். கல்யாணப் பத்திரிகையைக் காட்டுவதுபோல அதைக் காட்டுவார். பருத்திக் கமிஷன் கடை சௌந்தரபாண்டியன் வாடகைக்கு விட்டிருந்த அம்பாசிடருக்கு டிரைவரானார். மாப்பிள்ளை அழைப்பு, பெண் அழைப்பு, பிரசவம், சாவு வீட்டுத் துட்டி, எல்லாவற்றுக்கும் அந்தக் கார்தான், அவர்தான்.

கல்யாணக் கார் ஓட்டுகிறவனுக்குக் குடிப்பதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. பெண் வீட்டார் ஊற்றிக் கொடுப்பார்கள், மாப்பிள்ளை வீட்டார் கோபித்துக்கொண்டு அவர்களும் ஊற்றிக் கொடுப்பார்கள். சௌடப்பன் இரண்டு வீட்டார் மனமும் கோணாமல் நடந்துகொண்டார். பதினாறு வருடத்தில் ஒரு கோழிகூட அவர் வண்டியில் அடிபட்டதில்லை. அதை அவர் திறமை என்றார். கோழிகளின் திறமை என்பது என் அபிப்பிராயம்.

தொண்ணூறாம் வருடம், ஆனி மாதம். திருச்சுழிக்கு அந்தப்பக்கம் ஒரு கிராமத்தில் பெண் வீட்டாரை இறக்கிவிட்டு, நல்ல மத்தியான வெயிலில் வெறும் வண்டியாகத் திரும்பிக்கொண்டிருந்தார். ரோட்டின் இரண்டு பக்கமும் வேலிக்கருவை. ஒரு வளைவில் ஜீப்பை மறைத்து நிறுத்திவிட்டு ஏட்டு பொன்ராஜ் கையைக் காட்டினார். சௌடப்பன் வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, "ஏறுங்க மாப்ளே, எங்க போகணும்?" என்று கேட்டார். அதற்கு மேல் விசாரிக்க என்ன இருக்கிறது? ஜீப்பில் ஏற்றினார்கள்.

ஆஸ்பத்திரியில் அன்று இருந்தவர் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதமே ஆன சின்ன டாக்டர். எல்லாவற்றையும் புத்தகத்தில் இருக்கிறபடி செய்ய வேண்டும் என்று நினைக்கிற வயது. வராந்தாவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரைக்கும் சாக்பீஸால் கோடு போட்டு, "நடங்க" என்றார்.

சௌடப்பன் கோட்டைப் பார்த்தார். அவர் இருந்த நிலையில் டாக்டர் இரண்டு பேராகத் தெரிந்தார், ஏட்டு மூன்று பேராகத் தெரிந்தார். ஆனால் தரையில் கிடந்தது பாவு. அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். அந்தக் கோட்டை ஒட்டி ஒரு நூல் பிசகாமல் நடந்து கடைசிவரை போனார். போனவர் திரும்பி அதே மாதிரி வந்தார். நடுவில் ஒரு இடத்தில் நின்று, குனிந்து, காற்றில் இரண்டு விரலால் எதையோ முறுக்கிப் பிணைத்தார். "இழை அறுந்திருக்கு" என்று சொல்லிவிட்டு மேலே நடந்தார். பொன்ராஜ் அதைப் பார்த்தார். டாக்டர் பார்க்கவில்லை. அவர் அதற்குள் மேஜைக்குப் போய் எழுத ஆரம்பித்துவிட்டார்.

அந்தத் தாளை நானே பின்னால் படித்தேன். 'மது அருந்தியிருக்கிறார். ஆனால் மதுவின் ஆதிக்கத்தில் இல்லை. நடை மிகவும் சீராக உள்ளது.' மிகவும் என்ற வார்த்தையை எந்த டாக்டரும் அதற்கு முன்பு எழுதி நான் பார்த்ததில்லை.

கேஸ் இல்லை என்று ஆனது. பொன்ராஜுக்கு மேலதிகாரியிடம் நல்ல பாட்டுக் கிடைத்தது. "இழை முடிஞ்சான் சார், நான் பாத்தேன்" என்று சொல்லிப் பார்த்தாராம். எதைச் சொல்கிறீர் என்று கேட்டபோது அவருக்கே விளக்கத் தெரியவில்லை. வெளியே வந்து சௌடப்பனிடம், "ஏலே, ஒருநாள் இல்ல ஒருநாள் நீ கோணலா நடப்பல்ல, அன்னைக்கு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கார் ஸ்டாண்டில் சௌடப்பனுக்கு மவுசு கூடிப்போனது. மாட்டினால் எப்படி நடக்க வேண்டும் என்று மற்ற டிரைவர்கள் கேட்டு வந்தார்கள். அவரும் தரையில் குச்சியால் கோடு கிழித்துக் காட்டிக்கொடுத்தார். பதின்மூன்று வருடம் பாவு நடந்து வந்த வித்தையை ஒரு சாயங்காலத்தில் கற்றுக்கொண்டு போனவர்கள் எல்லோரும் அடுத்தடுத்து மாட்டி அபராதம் கட்டினார்கள்.

சௌடம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. அவர் வீட்டிலிருந்தே தறி நெய்கிறவர். கணவர் விட்டுவிட்டுப் போன அதே குழியில் உட்கார்ந்து குடும்பத்தைப் பாதி நடத்திக்கொண்டிருந்தார். ஒரு நாள் வழியில் என்னைப் பார்த்து நின்றார்.

"ஆஸ்பத்திரியில நேரா நடந்தாகளாம்ல அண்ணாச்சி. வீட்டுக்கு வாரப்ப மட்டும் ஏன் எதிர்வீட்டுக்குள்ள போறாக?"

தொழில் முறையில் அந்தக் கேள்வி எங்களுக்கு வருவதில்லை.

நாலு வருடம் போயிற்று. தொண்ணூற்று நாலில் மகள் தேவிபிரியாவுக்கு வரன் வந்தது. பையன் விசைத்தறி ஷெட்டில் வேலை பார்க்கிறவன், நல்ல பையன். பையனின் அப்பா ராமலிங்கம், கோயில் கமிட்டியில் இருப்பவர், சிரிப்பை ஞாயிற்றுக்கிழமைக்கு என்று ஒதுக்கி வைத்திருப்பவர். பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று சொன்ன கையோடு சௌடப்பனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உங்க நேர்கோட்டுக் கதைய ஊரே சொல்லுது. நானும் கேட்டேன். நீங்க ஒண்ணு செய்ங்க. இந்த வருசம் அம்மனுக்குக் காப்புக் கட்டி, கத்தி போடுங்க. பதினஞ்சு நாளு. அம்மன் முன்னால கத்தியோட வந்துட்டீகன்னா மறுநாளே வெத்தல மாத்திக்கிருவோம்."

சௌடம்மன் திருவிழாவில் காப்புக் கட்டிய ஆண்கள் அம்மன் அழைப்பின்போது மார்பில் கத்தியால் அடித்துக்கொண்டு முன்னால் வருவார்கள். காப்புக் கையோடு சாராயத்தைத் தொட்டவன் அந்த வரிசையில் நிற்கக் கூடாது. நின்றால் அம்மன் நகர மாட்டாள் என்பது நம்பிக்கை. ஒருவனால் அம்மன் நின்றுபோனால் அதற்குப் பிறகு அவன் வீட்டில் யாரும் பெண் எடுக்க மாட்டார்கள்.

சௌடப்பன் காப்புக் கட்டினார். முதல் நாள் தலைவலி. இரண்டாம் நாள் வேர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது, ராத்திரி கண்ணை மூடவில்லை. இருபது வருடமாக ஊற்றிப் பழகிய உடம்பு, திடீரென்று கடையைச் சாத்தியதும் கலாட்டா பண்ண ஆரம்பித்தது. மூன்றாம் நாள் படுத்துக் கிடந்திருக்க வேண்டும். ஆனால் காரியாபட்டிக் கல்யாணம் ஒன்றுக்கு வண்டி பேசியிருந்தது. போக வேண்டாம் என்று சௌடம்மாள் சொன்னதற்கு, "குடிச்சுட்டே ஓட்டுனவன், குடிக்காம ஓட்ட மாட்டனா?" என்று கேட்டுவிட்டுப் போனார். கேள்வி நியாயமானதுதான். பதில் அன்று சாயங்காலமே தெரிந்துவிட்டது.

கல்யாணம் முடிந்து மாப்பிள்ளையின் கூட்டாளிகள் நாலு பேர் வண்டியில் ஏறினார்கள். பின் சீட்டில் பிராந்தி பாட்டிலைத் திறந்தார்கள். "டிரைவரண்ணே, ஒரு மடக்கு" என்று முன்னால் நீட்டினார்கள். சௌடப்பன் ஸ்டீயரிங்கை விட்டு ஒரு கையை எடுத்து வேண்டாம் என்று தள்ளினார். தள்ளிய கை நடுங்கியது. பாட்டில் கவிழ்ந்து அவர் தோளிலும் மடியிலும் கொட்டியது. வண்டி கொஞ்சம் அலைந்து ரோட்டோரம் போய் நின்றது. அங்கே ஜீப் நின்றது. ஜீப்பில் பொன்ராஜ் இருந்தார். நாலு கூட்டாளிகளும் வேலிக்கருவைக்குள் இறங்கி ஓடினார்கள். அந்தப் புதருக்குள் ஆடுகூட யோசித்துத்தான் நுழையும்.

அன்று சௌடப்பன் ஒரு சொட்டு குடிக்கவில்லை. இதை இப்போது சொல்கிறேன். அப்போது எனக்குத் தெரியாது.

அதே ஆஸ்பத்திரி, அதே வராந்தா. டாக்டர் மட்டும் வேறு. கண் ரத்தமாகச் சிவந்திருந்தது. சட்டையும் வேட்டியும் பிராந்திக் கடையாக மணத்தன. வாயை ஊதியபோதும் அந்த வாடைதான் தூக்கலாக வந்தது. கையை நீட்டினால் விரல்கள் தந்தி அடித்தன. கோடு போட்டார்கள். சௌடப்பன் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கோட்டைப் பார்த்தார். தெளிந்த கண்ணுக்கு அது பாவாகத் தெரியவில்லை, சாக்பீஸ் கோடாகத்தான் தெரிந்தது. பொன்ராஜ் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். சௌடப்பன் மூன்று எட்டு வைத்தார். நாலாவது எட்டில் சுவரைப் பிடித்தார்.

"ரத்தம் எடுத்துப் பாருங்க சார்" என்று கேட்டிருக்கிறார்.

"அதை மதுரைக்கு அனுப்பி, ரிசல்ட் வர மாசக்கணக்காகும்ப்பா. உன் சட்டையே சொல்லுதே" என்று சொல்லிவிட்டு டாக்டர் எழுதினார். 'மது அருந்தியிருக்கிறார். மதுவின் ஆதிக்கத்தில் இருக்கிறார். நடை தள்ளாட்டம்.'

லைசென்ஸைப் பொன்ராஜ் பிளாஸ்டிக் உறையோடு வாங்கி வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் சௌடப்பனும் சௌடம்மாளும் என்னிடம் வந்தார்கள். அவர் நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னார். கவிழ்ந்த பாட்டில், ஓடிப்போன நாலு பேர், நடுக்கம், எல்லாம். நான் கேட்டுக்கொண்டேன். நல்ல கதை, யாரோ விவரமானவர் சொல்லிக்கொடுத்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"ஏப்பா, எதுக்கு இவ்வளவு கஷ்டப்படுற? வாய்தாவுக்குப் போ, ஆமாங்கய்யான்னு சொல்லு, அபராதத்தைக் கட்டு. ஆறு மாசத்துல லைசென்ஸு வந்துரும். பொறகு ஸ்டாண்டுக்குப் போயிரலாம்" என்றேன்.

"ராமலிங்கம் சொல்லி விட்டுருக்காரு அண்ணாச்சி. போலீஸு பேப்பர அவரு நம்ப மாட்டாராம். கோர்ட்டுல காப்புக் கையோட நான் என்ன சொல்றனோ, அதுதான் அவருக்குப் பேச்சாம். ஆமான்னு சொன்னா காப்ப அத்துருவாக. கல்யாணம் அம்புட்டுத்தான்."

"இல்லைன்னு சொன்னா கேஸு நடக்கும். சாட்சி, விசாரணை. மூணு வருசமோ நாலு வருசமோ. லைசென்ஸு கேஸ் கட்டோட கிடக்கும். தெரியும்ல?"

"தெரியும்."

"அது வரைக்கும் என்ன செய்வ?"

அவர் காலைப் பார்த்தார். "குழிதான்" என்றார். சாவுக்கு அடுத்தபடியாக அவர் பயந்த வார்த்தை அது.

சௌடம்மாள் கணவரிடம் கன்னடத்தில் ஏதோ கேட்டார். அவர் தலையை ஆட்டி ஒரே வார்த்தையில் பதில் சொன்னார். பிறகு சௌடம்மாள் என் பக்கம் திரும்பினார்.

"நேத்து இவுக குடிச்சாகளா இல்லையா? நீங்க சொல்லுங்க அண்ணாச்சி."

நான் தொழில்காரன். "பேப்பர்ல குடிச்சதாத்தான் இருக்கு தாயி" என்றேன்.

"நாலு வருசத்துக்கு முந்தி தலகால் தெரியாமக் குடிச்சிருந்தாக. அன்னைக்குப் பேப்பர்ல நிதானமா இருக்காகன்னு எழுதியிருந்துச்சு. அப்ப இந்தப் பேப்பரு மட்டும் எப்படி நெசமா இருக்கும்?"

சட்டம் படித்த எவனும் அப்படி ஒரு கேள்வியை அந்த ஆபீசில் கேட்டதில்லை. நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தேன். சௌடம்மாள் எழுந்து, "இல்லைன்னே சொல்லுங்க" என்று கணவரிடம் தமிழில் சொன்னார். எனக்கும் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் தமிழில் சொன்னார் என்று நினைக்கிறேன்.

வாய்தா காப்புக் கட்டிய ஒன்பதாம் நாள் வந்தது. கோர்ட்டுப் பெஞ்சில் ராமலிங்கம் துண்டை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்று குடித்து ஓட்டிய கேஸ் மட்டும் பன்னிரண்டு. பதினோரு பேர் வரிசையாக ஏறி "ஆமாங்கய்யா" சொல்லி இறங்கினார்கள். பன்னிரண்டாவது சௌடப்பன். நிமிராமலே நீதிபதி கேட்டார். "குடிச்சியா?"

"இல்லைங்கய்யா. குடிக்கல."

நீதிபதி பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். கோர்ட்டே சிரித்தது. டவாலி சிரித்தார், பொன்ராஜ் சிரித்தார், அபராதம் கட்டக் காத்திருந்த பதினோரு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மஞ்சள் கயிறு கட்டிய கையைக் கூண்டின் கட்டையில் வைத்துக்கொண்டு சௌடப்பன் நின்றார். அந்தக் கை அப்போது நடுங்கவில்லை. அதை யாரும் குறித்துக்கொள்ளவில்லை. ராமலிங்கம் மட்டும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

பதினைந்தாம் நாள் அம்மன் அழைப்பு. நான் போய்க் கூட்டத்தில் நின்றேன். சௌடப்பன் மார்பில் மஞ்சளும் ரத்தமுமாகக் கத்தி போட்டுக்கொண்டு முன்னால் வந்தார். பின்னால் அம்மன் எங்கும் நிற்காமல் வந்தாள். எனக்கு உடம்பு சிலிர்த்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் மனதுக்குள் நான் நினைத்தது வேறு. மகளுக்காகக் காப்புக் கையோடு கோர்ட்டில் பொய் சொல்லிவிட்டு, அம்மன் முன்னாலும் இவ்வளவு துணிச்சலாக வருகிறானே, தகப்பன் என்றால் இவன் தகப்பன் என்று மெச்சிக்கொண்டேன். அந்த மெச்சுதலை நாலு வருடம் விடாமல் வைத்திருந்தேன்.

மறுநாள் வெற்றிலை மாற்றினார்கள். ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு அதே அம்பாசிடர்தான் வந்தது. வேறு ஒரு டிரைவர் ஓட்டினார். சௌடப்பன் முன் சீட்டில் மாமனாராக உட்கார்ந்து, கியர் மாற்றுகிற இடத்திலெல்லாம் காலை அமுக்கிக்கொண்டு போனார்.

பிறகு அவர் குழியில் இறங்கினார். கேஸ் நடந்தது என்று சொல்வது மரியாதைக்காக. உண்மையில் அது கிடந்தது. டாக்டர் மாற்றலாகிப் போனார், சம்மன் அவரைத் தேடி மூன்று மாவட்டம் சுற்றியது. பொன்ராஜ் வந்த வாய்தாக்களில் நீதிபதி லீவு. நீதிபதி இருந்த வாய்தாக்களில் பொன்ராஜ் பந்தோபஸ்துக்குப் போயிருந்தார். வாய்தா தவறாமல் வந்த ஒரே ஆள் சௌடப்பன். காலையில் பாவு வேலையை முடித்துவிட்டு, காதோரம் பஞ்சுத் தூசியோடு வந்து மரத்தடியில் நிற்பார். "குமாஸ்தா அண்ணாச்சி, இன்னைக்குக் கூப்பிடுவாகளா?" என்று கேட்பார். கூப்பிட மாட்டார்கள். திரும்பிப் போவார். மறுபடி குடிக்க ஆரம்பித்தாரா என்று கேட்டால், ஆரம்பிக்கவில்லை. ஊற்றிக் கொடுக்கக் கல்யாண வீட்டார் யாரும் தறிக்குழிக்கு வருவதில்லை என்று அவரே சொல்வார்.

தொண்ணூற்று எட்டில் தீர்ப்பு வந்தது. டாக்டர் கடைசிவரை சாட்சி சொல்ல வரவில்லை. சந்தேகத்தின் பலனைக் குற்றம் சாட்டப்பட்ட எதிரிக்கு அளித்து விடுதலை செய்வதாக நீதிபதி படித்தார். கேஸ் கட்டிலிருந்து லைசென்ஸைப் பிரித்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். பிளாஸ்டிக் உறைமேல் நூலால் கட்டிய தடம் பதிந்திருந்தது. உள்ளே இருபத்து மூன்று வயதுப் படம். தேதி முடிந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

நான் உற்சாகமாக இருந்தேன். ஜெயித்த கேஸ் அல்லவா? எதிர்க் கடையில் வடை வாங்கிக் கொடுத்தேன்.

"புதுப்பிச்சுட்டு ஸ்டாண்டுக்குப் போ, சௌடப்பா."

"எந்த வண்டிய ஓட்ட அண்ணாச்சி? மொதலாளி அம்பாசிடர வித்து ரெண்டு வருசமாச்சு. இப்ப எல்லாம் மாருதி வேனு. சின்னப் பயலுக ஓட்டுறாங்க. கண்ணும் முன்ன மாதிரி இல்ல, ராத்திரியில எதிர வர்ற லைட்டு ரெண்டா தெரியுது."

வடையைப் பிய்த்தார். பிறகு கேட்டார்.

"சந்தேகம்னு எழுதியிருக்காரே, அப்ப நான் குடிக்கலன்னு அவரு சொல்லல. அப்படித்தான?"

"அப்படித்தான். ஆனா விடுதலைதான? உனக்கு என்ன? நீ அன்னைக்கு மகளுக்காகச் சொன்னது பெரிய விசயம்ப்பா. வேற எவனா இருந்தாலும் காப்போட பொய் சொல்லப் பயந்திருப்பான்."

சௌடப்பன் என்னைப் பார்த்தார். கோபம் வந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். வரவில்லை.

"நான் குடிக்கல அண்ணாச்சி."

கேஸ் முடிந்துவிட்டது. கல்யாணம் முடிந்து பேரப்பிள்ளையும் பிறந்துவிட்டது. அந்தக் கடை வாசலில் நின்றுகொண்டு என்னிடம் பொய் சொல்வதால் அவருக்கு ஆகப்போவது ஒரு வடைகூட இல்லை.

"ஏட்டு கேட்டாரு, டாக்டரு கேட்டாரு, ஜட்ஜய்யா கேட்டாரு, குடிச்சியான்னு. சொன்னேன், நம்பல. அது அவுக வேலை. எம் பொண்டாட்டியும் கேட்டா, உங்க ஆபீசுல வச்சு, எங்க பாஷையில. இல்லன்னேன். அவ நம்புனா. நாலு வருசம் நீங்க எனக்காக ஓடியாடி கேஸு நடத்துனீக. நீங்க மட்டும் ஒருக்காக்கூடக் கேக்கலையே அண்ணாச்சி."

மீதி வடையைத் தின்று முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, லைசென்ஸை உள்பையில் வைத்துப் பட்டனைப் போட்டார். "வாரேன்" என்று சொல்லிவிட்டு வெயிலில் இறங்கிப் போனார். குழியில் உட்கார்ந்து உட்கார்ந்து இடது முழங்கால் பிடித்துப்போயிருந்தது. நாலு வருடமாக ஒரு சொட்டு தொடாத மனிதர் ரோட்டில் கோணலாகத்தான் நடந்து போனார். பார்த்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். நானும் அப்படித்தானே நினைத்தேன்.

அதற்குப் பிறகும் குடித்துவிட்டு ஓட்டி மாட்டியவர்கள் என்னிடம் வந்துகொண்டுதான் இருந்தார்கள். இனி என்ன நடக்கும் என்று கேட்பார்கள். சாவி, லைசென்ஸ், கோடு, பெஞ்சு, கூண்டு, எல்லாவற்றையும் பழையபடி சொல்வேன். ஆனால் அதற்கு முன்னால் எதிரே உட்காரச் சொல்லி, "குடிச்சிருந்தியாப்பா?" என்று கேட்பேன். இதுவரை ஒருவன்கூட இல்லை என்று சொன்னதில்லை. இருந்தாலும் கேட்டுக்கொண்டே இருந்தேன்.